பச்சை காட்டிய வண்டி

அன்று மாலை நாலரை மணிக்கு அவர் உயிரோடு இருந்தாரா?

பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரிடம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்று இதைக் கேட்டேன். கடல் தண்ணீரில் கிடந்த உடம்புக்கு மணி சொல்ல முடியாதும்மா, சில மணி நேரம் கல்லுக்குள் மாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார், அது மட்டும் தெரிகிறது என்றார். சில மணி என்றால் எத்தனை என்று மறுபடி கேட்டேன். நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அங்கிருந்து நேராக பஸ் ஏறி வந்துவிட்டேன்.

புதிதாக வாகன நிறுத்த மேற்பார்வை வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு முதல் நாள் ஒரு கையேடு கொடுப்பார்கள். மிஷினுக்கு எப்படி சார்ஜ் போடுவது, வண்டி எண்ணை எப்படிப் பதிவது, தாள் சிக்கினால் என்ன செய்வது, எல்லாம் அதில் இருக்கும். அதை எழுதியது நான்தான். இப்போது களத்தில் இல்லை, பயிற்சிப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். இனி களத்துக்குத் திரும்பும் எண்ணமும் இல்லை. அதனால் கையேட்டில் எழுத முடியாத ஒன்றை இங்கே எழுதலாம் என்று தோன்றியது. எழுதுவது சரியா என்று இந்த வரியை எழுதும்போதுகூட எனக்குத் தெரியவில்லை.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி ஒரு வாகன நிறுத்தம். ஒரு ஒப்பந்த நிறுவனம் எடுத்து நடத்தியது. நான் அதில் மேற்பார்வையாளர். நிறுத்தத்தைத் தாண்டினால் மணல், மணலுக்கு இடப்பக்கம் கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய நீண்ட வரிசை. கடலுக்குள் ஒரு கை நீட்டியதுபோல அது போகும். ஞாயிற்றுக்கிழமை வண்டி வைக்க இடம் கிடைக்காது. செவ்வாய், புதன் என்றால் பத்து வண்டி நின்றால் அதிகம்.

நான் சேர்ந்தபோது அங்கே டோக்கன் முறை. சில்லறையை வாங்கிக்கொண்டு டோக்கனைக் கிழித்து வண்டியின் ஹேண்டிலில் செருகிவிடுவார்கள். பகல் பன்னிரண்டு வரை ரோஸ் நிற டோக்கன், அதற்குப் பிறகு மஞ்சள். இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஒருவர் இளைஞர், எப்போதும் காதில் ஹெட்போன். இன்னொருவர் எட்டு வருடமாக அங்கேயே இருந்தவர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக வருவார், வந்ததும் நல்ல புடவைமேல் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொள்வார். எல்லாரும் அவரை டோக்கன் அக்கா என்பார்கள். மிஷின் வந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

மிஷின் கொண்டுவருவதற்கு முன் ஊழியர்களின் வேலைகளைப் பட்டியல் எடுக்கச் சொன்னது தலைமை அலுவலகம். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்தேன். மூன்று கட்டங்கள்: வேலை, எவ்வளவு நேரம், இதை மிஷின் செய்யுமா. ஒவ்வொரு மணியாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். அக்கா சுருக்கமாகப் பதில் சொன்னார். கேள்வி கேட்டு எழுதிக்கொள்கிறவர்கள் யாராக இருந்தாலும் அவருக்குக் கொஞ்சம் பயம்.

நாலு மணிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"சும்மா ஒரு சுத்து சுத்துவேன் மேடம்."

"எதுக்கு அக்கா?"

"ரோஸு எதுனா நிக்குதான்னு பாக்க."

நேரம் தாண்டி நிற்கும் வண்டியைப் பிடிக்கத்தான் இந்தச் சுற்று என்று எடுத்துக்கொண்டேன். வேறு எதற்காக இருக்கும்? மூன்றாவது கட்டத்தில் 'செய்யும்' என்று அடித்தேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"அதுவே பாத்துக்குமா?"

"பாத்துக்கும் அக்கா."

"பரவால்லியே. நம்ம காலுக்கு ரெஸ்ட்டு."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைக்காத நாள் இல்லை.

ரோஸ் பார்ப்பது என்றால் என்ன என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதுவும் அவர் சொல்லி அல்ல, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மீனவர் சொல்லி. ரோஸ் டோக்கன் என்றால் காலையில் வந்த வண்டி. நாலு மணிக்கு அது இன்னும் நின்றால் அக்கா அந்த வண்டியிடம் போவார். ஹெல்மெட் மாட்டியிருக்கிறதா, எத்தனை ஹெல்மெட், செருப்பைக் கழற்றி வண்டியிடமே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்ப்பார். கடை கண்ணிக்கும் சிற்பம் பார்க்கவும் போகிறவர்கள் செருப்போடு போவார்கள். செருப்பை விட்டுப் போகிறவர்கள் தண்ணீருக்குப் போகிறவர்கள். தண்ணீருக்குப் போய் நாலு மணி வரை வராதவரை அவர் தேடிப் போவார். போகிற வழியில் வலைக்காரர்களிடம் "ரோஸு ஒண்ணு நிக்குது, ஆள பாத்தியா?" என்று கேட்பார். குப்பத்தில் எல்லாருக்கும் அந்தப் பேச்சு புரியும். கணுக்கால் பிசகி மணலில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன், வலிப்பு வந்து விழுந்து கிடந்த ஒருவர், இருட்டும் வரை தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண். அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணன் வந்து கூட்டிப் போகும்வரை அக்கா இட்லி மாவு புளிக்காததைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். இப்படி எத்தனை பேர் என்று அவருக்கே தெரியாது. அதை ஒரு வேலை என்று அவர் நினைத்திருந்தால் எனக்குச் சொல்லியிருப்பார். அது வேலை என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மிஷின் வந்தது. கைக்கு அடக்கமான கருவி. வண்டி எண்ணையும் ஒரு தொலைபேசி எண்ணையும் பதிந்தால், அந்தத் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும். பணம் கட்டிய வண்டி திரையில் பச்சையாக நிற்கும். நேரம் முடிந்தால் சிவப்பு. முடிவதற்குப் பத்து நிமிடம் முன்னால் 'நீட்டிக்க வேண்டுமா' என்று ஒரு செய்தி போகும். எங்கிருந்து வேண்டுமானாலும் நீட்டிக்கொள்ளலாம். வேலை குறைந்ததால் வாரநாளில் ஒரே ஒரு ஆள் போதும் என்றார்கள். டோக்கன் நின்றதோடு ரோஸும் மஞ்சளும் நின்றன.

அக்கா சுற்றுவதை நிறுத்தவில்லை. டோக்கன் இல்லாமலே எது காலை வண்டி என்று அவருக்கு நினைவிருந்தது. அதில்தான் சிக்கல் வந்தது. ஒரு குடும்பம் மணலில் இருந்து வரத் தாமதமானபோது, உங்களோடு வந்த பெரியவர் எங்கே என்று போய்க் கேட்டிருக்கிறார். அவர் ஓட்டலில் படுத்திருந்தார். பணம் கட்டிய எங்களை எதற்கு வேவு பார்க்கிறீர்கள் என்று புகார் வந்தது. நான் ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். பச்சை வண்டிகளை விட்டுவிடுங்கள், சிவப்பை மட்டும் கவனியுங்கள், கேட்டை விட்டு நகராதீர்கள். அதே புகாரில் தொலைபேசி எண் ஊழியருக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். அதனால் மிஷினில் எண்ணை மறைத்தார்கள். கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரியும்.

இளைஞர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் போட்டார். அக்கா ஒன்றும் போடவில்லை. பச்சயப் பாத்தா பாம்பப் பாத்த மாரி ஒதுங்கிக்கணும் அக்கா என்று இளைஞர் அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தது காதில் விழுந்தது. அப்புறமும் அவர் இரண்டு முறை போனார். மிஷின் எங்கே இருக்கிறது என்பது அலுவலகத் திரையில் தெரியும். கேட்டில் இருக்க வேண்டிய மிஷின் கல் வரிசைப் பக்கம் இருந்தது. மேலாளர் மெமோ கொடுக்கச் சொன்னார். கொடுத்தது நான். இன்னொரு முறை ஆனால் வேலை போய்விடும் என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டியதும் நான். அவர் கையெழுத்துப் போட்டு, தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை.

மதியம் மூன்று மணிக்குக் குழந்தைகள் காப்பகத்தில் இருந்து அழைத்தார்கள். என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. காய்ச்சல் அடிக்கிறது, இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள் என்றார்கள். மேலாளரிடம் சொல்லிவிட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு பஸ் பிடித்தேன். என் கணவர் சென்னையில் வேலையில் இருந்தார், மின்ரயில் பிடித்து வர ஏழாகிவிடும். நாலரை மணிக்கு நான் ஒரு கிளினிக்கில் பதினாறாவது டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். குழந்தை தோளில் அனலாகக் கிடந்தது. காய்ச்சல் வந்தால் அவளுக்கு வலிப்பு வருமோ என்று எனக்கு எப்போதும் ஒரு பயம். ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனாலும் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது தொலைபேசி அடித்தது.

"மேடம், ஒரு வண்டி காலைலேர்ந்து நின்னுகினு கீது. செருப்பு வண்டியாண்டயே கீது. ஆளக் காணோம்."

"மிஷின்ல என்ன காட்டுது அக்கா?"

"பச்சதான். மூணு வாட்டி நீட்டிக்கினாங்க."

"நீட்டியிருக்காருன்னா ஆள் நல்லாத்தானே இருக்காரு?"

போனில் காற்று இரைந்தது.

"தூண்டி எட்த்துகினு போன ஆளு மேடம். கல்லுமேல ஏறிப் போனாரு, நா பாத்தேன். பத்து நிமிசம் கேட்ட வுட்டுட்டுப் போய்ப் பாத்துட்டு ஓடியாந்துடட்டா?"

அந்த நேரத்தில் மகள் என் தோளில் வாந்தி எடுத்தாள். பக்கத்தில் இருந்த அம்மா தள்ளி உட்கார்ந்தார். ஒரு கையால் கைக்குட்டையைத் தேடிக்கொண்டே பேசினேன். என்ன சொன்னேன் என்று எனக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது.

"வேண்டாம் அக்கா. ஏற்கெனவே மெமோ இருக்கு. பச்சைய விட்டுடுங்க. கேட்லயே இருங்க."

"செரி மேடம்" என்றார். "பாப்பாக்கு இன்னா, அழுவுது?"

காய்ச்சல் என்றேன். ஈரத்துணி போடச் சொல்லிவிட்டு வைத்தார்.

அவருடைய வேலையைக் காப்பாற்றினேன் என்றுதான் அப்போது நினைத்தேன். இதை உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அலட்சியமாக நான் அப்படிச் சொல்லவில்லை. கவனமாகத்தான் சொன்னேன். தவறு கவனத்தோடும் நடக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அலுவலகத்தில் இருந்தவருக்கு நான் ஒரு போன் செய்திருக்கலாம். அங்கே முழு எண்ணும் தெரியும். இந்த எண்ணுக்குக் கூப்பிட்டு ஆள் எங்கே என்று கேளுங்கள் என்றால் முடிந்தது. இது எனக்கு மூன்றாம் நாள் குளிக்கும்போது தோன்றியது. தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு மணிக்கு அக்காவின் வேலை நேரம் முடிந்தது. மிஷினை வைத்துவிட்டு, அதன் பிறகு கல் வரிசைக்குப் போயிருக்கிறார். இருட்டிவிட்டது, அலை ஏறிவிட்டது. கைபேசி வெளிச்சத்தில் பாதிவரை போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் குப்பத்தில் சொன்னார். இந்தக் கடலில் இப்போது கல்லுக்கு அந்தப் பக்கம் யாரும் இறங்க முடியாது என்றார்கள். விடிந்ததும் அவர்களே போய் உடலை எடுத்தார்கள். இரண்டு பாறைக்கு நடுவில் கால் முட்டிவரை இறங்கி மாட்டியிருந்தது. எலும்பு முறிந்திருந்தது. கல்லின் நுனியில், தண்ணீர் எட்டாத இடத்தில், தூண்டில் பை அப்படியே இருந்தது.

இறந்தவர் படாளத்துக்காரர். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வார விடுமுறை செவ்வாய். மனைவி, ஒரு சின்னப் பெண் குழந்தை.

வண்டியை எடுக்க அவர் மனைவி எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். என்னைவிட வயது குறைவு. கூட அண்ணன் வந்திருந்தார். குழந்தை இடுப்பில் இருந்தது, கையில் பிஸ்கட். வண்டி மனைவி பெயரில் இருந்ததால் காலையில் கணவர் மனைவியின் எண்ணையே கொடுத்திருந்தார். கணவரின் போன் சீட்டுக்கு அடியில் இருந்தது. முன்பு ஒன்று உப்புத் தண்ணீரில் போனதால் கடலுக்கு வந்தால் போனை வண்டியில்தான் வைப்பாராம். அதனால் இவர் கூப்பிடவில்லை. செய்தி வரும்போதெல்லாம் நீட்டியிருக்கிறார். மீன் கிடைத்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது, வந்து அபராதம் கட்ட வேண்டாமே என்று வீட்டில் இருந்தபடியே நீட்டியிருக்கிறார்.

தாள்களில் கையெழுத்து வாங்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஒவ்வொரு வாட்டியும் பச்சயா ஒரு டிக்கு வரும் மேடம். அத்தப் பாத்தா நிம்மதியா இருந்துச்சு. அவரு அங்கதான் கீறாருன்னு."

நான் தலையை ஆட்டினேன்.

"நா நீட்டாம வுட்டிருந்தா செவப்பு ஆயிருக்கும்னு அங்க நிக்கிற தம்பி சொல்லுது. செவப்பு ஆயிருந்தா யாருனா போய்ப் பாத்திருப்பாங்களா?"

இளைஞர் தெரியாமல் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வி என் மேஜைமேல் வந்து விழுந்துவிட்டது. அக்காவின் அழைப்பு என் கைபேசியில் இன்னும் அழியாமல் இருந்தது. பச்சையாக இருந்தபோதே ஒருத்தர் பார்த்துவிட்டாரம்மா, உங்கள் பச்சை அவரைத் தடுக்கவில்லை, நான்தான் தடுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"இல்லம்மா" என்றேன். "சிவப்பானா அபராத ரசீது மட்டும்தான் வரும். யாரும் போய்ப் பாக்க மாட்டாங்க. நீங்க அப்படி நினைக்காதீங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் நம்பவில்லை என்று அந்தப் பிடியிலேயே தெரிந்தது. அன்றே வண்டியை விடுவிக்க மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். பொதுவாக ஒரு வாரம் ஆகும் வேலை அது.

அறிக்கை எழுதினார் மேலாளர். பணியில் இருந்தவர் சந்தேகத்துக்கு இடமான வாகனம் பற்றி மேலதிகாரிக்குத் தகவல் தரவில்லை என்று ஒரு வரி. அக்கா சொந்தப் போனில் இருந்து என் சொந்தப் போனுக்குப் பேசியதால் மிஷினில் அதற்குத் தடயம் இல்லை. சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். படித்தேன். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். என் மகளின் பால் டப்பா, வீட்டு வாடகை, சட்டப்படி என்ன ஆகும் என்ற பயம், எல்லாம் அந்த விரலுக்கு அடியில் இருந்தன. கையெழுத்துப் போட்டேன். அக்காவை வேலையில் இருந்து எடுத்தார்கள். மேடத்துக்குப் போன் செய்தேனே என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

பதினோரு நாள் கழித்து மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன். இப்ப சொல்லி இன்னா ஆகப்போவுது, கொழந்த வெச்சிக்கினு கீறீங்க, வேணாம் வுடுங்க என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். நான் எழுத்தில் கொடுத்தேன். எனக்கு ஒரு மெமோ வந்தது, பயிற்சிப் பிரிவுக்கு மாற்றம் வந்தது. அக்காவைத் திரும்ப வரச் சொன்னார்கள். அவர் வரவில்லை. திருப்போரூர் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்திருந்தார். அங்கே போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மெமோவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

"நீங்க வேணாம்னீங்க, நா நின்னுட்டேன்" என்றார். கை முழுக்க சோப்பு நுரை. "எட்டு வருசத்துல யாரக் கேட்டு நா போயிருக்கேன்? அன்னிக்கி மட்டும் இன்னாத்துக்குக் கேட்டேன்னு எனக்கே தெரியல மேடம். போன் பண்ணாம போயிருக்கணும்."

மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் குவிந்து கிடக்கிறது என்று சொல்லித் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு கூப்பிட்டால் எடுப்பதில்லை.

இதில் உங்களுக்கு என்ன பாடம் என்று கேட்பீர்கள். நீங்கள் போகிற ஊர்களிலும் இதே மாற்றம் நடக்கப்போகிறது. பழைய ஆட்களை உட்காரவைத்து என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்பீர்கள். அப்படிக் கேட்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அவர்கள் பின்னால் நடங்கள். அவர்கள் எழுந்து போகும்போது நீங்களும் எழுந்து போங்கள். 'சும்மா' என்று சொன்னால் அங்கே நின்று கேளுங்கள். போன தடவை சும்மா போனபோது என்ன நடந்தது என்று கேளுங்கள்.

இன்னொன்று. ஒருவர் இடத்தில் நின்று கண்ணால் பார்த்துச் சொல்கிறார், நீங்கள் வேறு ஊரில் இருந்து திரையை நம்பிப் பதில் சொல்கிறீர்கள் என்றால், போகாதே என்று மட்டும் சொல்லாதீர்கள். போ என்று சொல்லி அது தவறாகப் போனால் உங்களுக்கு ஒரு மெமோவோடு முடியும்.

இதையும் சொல்ல வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாலு மணிச் சுற்றை விதியாக்கினார்கள். மிஷினில் ஒரு கட்டம் சேர்த்தார்கள். சுற்றி வந்ததும் அதில் டிக் போட வேண்டும். நான் கேட்டு வாங்கியதுதான். சென்ற மாதம் ஆய்வுக்குப் போனேன். நாலு மணிக்கு இளைஞர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே டிக் போட்டார். கேட்டதற்கு, எல்லாம் பச்சைதான் மேடம் என்றார். நான் தனியாக ஒருமுறை சுற்றி வந்தேன். ஒவ்வொரு வண்டியின் அடியிலும் குனிந்து பார்த்தேன். என்ன பார்க்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. எட்டு வருடம் பார்த்தவருக்குத் தெரிந்தது எனக்கு எங்கிருந்து தெரியும்?

இப்போது உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

சென்ற வாரம் படாளத்தில் இருந்து அந்தப் பெண் போன் செய்தார். அடுத்த மாதம் கணவருக்கு வருஷத் திதி. "நீங்க கட்டாயம் வரணும் மேடம். அவருக்காக அன்னிக்கி ஓடியாடினது நீங்க ஒருத்தருதான்" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வைப்பதற்கு முன்னால் அவர் இன்னும் ஒன்று சொன்னார். இப்போதெல்லாம் போனில் பச்சையாக எது வந்தாலும் பயந்து போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாராம். கரண்ட் பில்கூட அண்ணன்தான் கட்டுகிறாராம்.

நான் உண்மையைச் சொன்னால் அந்தப் பயம் நிற்கலாம். நீங்கள் நீட்டியது காரணம் இல்லை, ஒருத்தர் பார்த்தார், போகக் கேட்டார், நான் வேண்டாம் என்றேன் என்று சொன்னால் அவர் மேல் இருக்கும் பாரம் இறங்கும். ஆனால் அதே வாக்கியம் இன்னொன்றையும் சொல்லிவிடும். பத்து நிமிட தூரத்தில் ஒருத்தர் கிளம்பத் தயாராக நின்றார் என்று. காலை எடுக்க முடியாமல் கல்லுக்கு நடுவில் கணவர் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கலாம் என்று. இப்போது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்று நினைத்து அவர் அழுகிறார். நான் சொன்ன பிறகு எதை நினைத்து அழுவார்? அந்த நினைப்பை அவரிடம் கொடுத்துவிட்டு நான் மட்டும் லேசாகப் பஸ் ஏறி வந்துவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. அவருக்காகச் சொல்ல நினைக்கிறேனா, எனக்காகவா என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. என் கணவர் சொல்லாதே என்கிறார். என் அம்மா சொல்லிவிடு, ஆனால் திதி அன்று வேண்டாம் என்கிறார்.

இதை இங்கே எழுத்தில் போட்டுவிட்டேன், இனி எப்படியும் அவர் காதுக்குப் போகும் என்பதும் தெரியும். வேறு யாரோ சொல்லிப் போகக் கூடாது என்பது மட்டும் உறுதி. அதைத் தவிர வேறு எதிலும் எனக்கு உறுதி இல்லை. உங்களில் யாராவது இப்படி ஒரு வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருந்தால், அல்லது சொல்லாமல் திரும்பி வந்திருந்தால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பது வேண்டாம், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது போதும். திதிக்கு முன்னால் எழுதினால் நல்லது.